திருடாத மாத்திரை

ஒரு மாத்திரைகூடத் திருடவில்லை. முதலில் அதைப் பேசி முடித்துவிட்டு மற்றதற்குப் போகலாம். நோயாளி அம்மாவின் மாத்திரையை எடுத்துத் தின்றே உடம்பை மாற்றிக்கொண்டாள், அந்த அம்மா மூச்சுக்குத் தவித்துக் கிடக்கும்போது பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று எதிர்வீட்டுக்காரி மாடிப்படியில் நின்று சொன்னாள். கேட்டவர்கள் அதற்குக் கண், காது, மூக்கு வைத்து அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். திருடியிருந்தால் டப்பாவில் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த வீட்டு டப்பாவிலும் அட்டையிலுமாகப் பன்னிரண்டு நாள் மாத்திரை தொடாமல் மிச்சம் கிடந்தது. மிச்சம் வைத்துவிட்டுப் போகிற திருடியை எந்த ஊரில் பார்த்திருக்கிறீர்கள்? அந்த மிச்சம் எப்படி வந்தது என்று கேட்கப் பொறுமை இருந்தால் உட்காருங்கள்.

இன்னொன்று. இங்கே 'அவள்' என்றுதான் சொல்லப்படும். 'அவன்' என்று திருத்த வாய் துறுதுறுக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை.

வீட்டில் அவளுக்கு வைத்தது ஆண்பிள்ளைப் பெயர். அது இங்கே வேண்டாம். வேலை செய்த இடத்தில் எல்லாரும் அவளைக் கஞ்சி என்றார்கள். ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் விரிப்புகள் வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவைக் கூடம் அது. உடுப்புகளுக்குக் கஞ்சி போடும் தொட்டி ஐந்து வருடம் அவள் பொறுப்பில் இருந்ததால் வந்த பெயர். பிறகு மடிப்புப் பக்கம் மாற்றினார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மெஷினிலிருந்து ஈரத்துணியை இரண்டு கையாலும் வாரி, மார்போடு அணைத்து, தள்ளுவண்டியில் போட வேண்டும். உலர்ந்து வந்ததும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று விரிப்பின் முனைகளைப் பிடித்து உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். எதிரே நிற்பவளின் கண்ணைப் பார்க்காமல் அந்த வேலை நடக்காது. அவளுக்கு எதிரே ஒன்பது வருடமாக நின்றவள் மடிப்பக்கா. புருஷன் போய்ச் சேர்ந்தபின் நாக்கை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு பிழைத்தவள். நாளொன்றுக்கு நானூறு விரிப்பு, நானூறு முறை முகத்துக்கு முகம். அப்படிப் பார்த்தவளிடம் எதை ஒளிப்பது? கஞ்சி வாயைத் திறந்து சொல்வதற்கு ஒரு வருடம் முன்பே மடிப்பக்கா அவளை 'வாடி போடி' என்றுதான் கூப்பிட்டாள்.

வீட்டில் அம்மாவும் அவளும்தான். அக்கா கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருந்தாள். அப்பா பஸ் ஓட்டுநர். ஒரு நாள் மத்தியானம் பஸ்ஸை நிலையத்தில் ஒழுங்காகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவர்தான். மறுநாள் அம்மா அவருடைய காக்கிச் சட்டைப் பையைத் துழாவியபோது பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. பச்சைக் கோடு போட்ட அட்டை, நடுவில் கீறல் விழுந்த வெள்ளை மாத்திரை. இருதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்துக்கொண்டதற்குக் கொடுத்தது, இரண்டு வருடமாகச் சாப்பிட்டு வந்தார் என்று டாக்டர் சொன்னார். இரண்டு வருடம் ஒரே படுக்கையில் படுத்தவளுக்குத் தெரியாது. "என்னங்க, மூச்சு வாங்குதேன்னு ஒரு தடவ கேட்டேன். வள்ளுன்னு விழுந்தாரு. அப்புறம் கேக்கல. கேட்டிருக்கணும்" என்று அம்மா அதற்குப் பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஏழெட்டு வருடம் கழித்து அம்மாவின் காலும் வீங்கியது. அவளுக்கும் அதே பச்சைக் கோட்டு அட்டை வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்து டப்பாவின் அறைகளில் போட்டு வைப்பது கஞ்சியின் வேலை. தினமும் வேலை முடிந்து வந்ததும் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்துவாள். குழி விழுந்தால் நீர் இருக்கிறது என்று அர்த்தம். குழி எவ்வளவு நேரத்தில் மேலே எழும்புகிறது என்று பார்த்து, "இன்னிக்குத் தேவலாம்மா" என்பாள். அம்மாவை விட்டு ஓடியவள் என்கிறீர்களே, அந்தக் கட்டைவிரலைப் பற்றியும் பேசுங்கள்.

முப்பத்தொரு வயதில்தான் அவளுக்கு, அவளைப் போன்றவர்களைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போகத் தைரியம் வந்தது. ஆறு மாதம் பேச்சு, பரிசோதனை, மறுபடி பேச்சு. கடைசியில் இரண்டு வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சின்ன நீல மாத்திரை பெண்ணுக்குச் சுரக்க வேண்டியதைத் தருவது. வெள்ளை மாத்திரை ஆணுக்குச் சுரப்பதை அடக்கி வைப்பது. வெள்ளையைப் பார்த்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"இது எங்கம்மா போடறது டாக்டர்."

"ஆமா, நீர் மாத்திரைதான். இதுக்கும் உதவும். ஆனா ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், அது ஏறினா இருதயம் தாறுமாறா அடிக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாக்கணும். இன்னொன்னு, இருதயத்துக்கு நல்லதுன்னு கடையில ஒரு உப்பு விக்கிறாங்க. அந்தப் பக்கமே போகாதீங்க, அது பூரா பொட்டாசியம்."

"எங்க வீட்ல சாதா உப்புதான் டாக்டர்" என்றாள். அன்றைக்கு அது உண்மைதான்.

மறுநாள் மடிப்பக்காவிடம் சொன்னதும் அவள், "அம்மாவும் பொண்ணும் துணியை மாத்தி மாத்திப் போடுவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். நீங்க மாத்திரையேவா?" என்று விரிப்பை உதறினாள். அந்த வாரம் முழுக்கக் கஞ்சியின் கால் தரையில் படவில்லை.

இரண்டாம் மாதம் மார்பில் வலி வந்தது. காம்புக்குப் பின்னால் மிளகளவுக்கு ஏதோ கட்டி. முதலில் இடது பக்கம், பிறகு வலது. ஈரமூட்டையை அணைத்துத் தூக்கும்போது உயிர் போய் வந்தது. அப்படியே கண்ணை மூடி நின்றுவிட்டாள்.

மடிப்பக்கா ஓடிவந்து மூட்டையை வாங்கிக்கொண்டாள். "எனக்குப் பன்னெண்டு வயசுல வந்த வலிடி இது. நீ முப்பத்தொண்ணுல வந்து வரிசையில நிக்கிற. சரி சரி, அழாத, எல்லாரும் பட்டதுதான்."

"அழலக்கா. சந்தோஷமா இருக்கு."

"வலிக்குதுன்னு சந்தோஷப்பட்ட மூதேவி உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று மடிப்பக்கா அவள் தலையில் குட்டினாள்.

இந்த வலியை வீட்டிலும் ஒளிக்க முடியவில்லை. குனிந்து நிமிரும்போது கை தானாக இடது மார்புக்குப் போகும். நீர் மாத்திரை அல்லவா, அடிக்கடி எழுந்து கழிவறைக்குப் போவாள். சாயங்காலமானால் களைத்துப் படுப்பாள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் சட்டையைத் துவைக்கப் போடும் முன் பையைத் துழாவினாள். அப்பா போனதிலிருந்து அம்மாவுக்கு அந்தப் பழக்கம். பச்சைக் கோட்டு அட்டை கையில் வந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து போய்த் தன் டப்பாவைத் திறந்து எண்ணினாள். ஒன்றும் குறையவில்லை. குறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஆக, இது பிள்ளைக்கென்று தனியாக எழுதிக் கொடுத்த மாத்திரை. அப்பனுக்கு வந்தது, தனக்கு வந்தது, இப்போது பிள்ளைக்கும் வந்துவிட்டது. அப்பனைப் போலவே மறைக்கிறது. கேட்டால் அவரைப் போலவே வள்ளென்று விழும். சட்டையை மடித்து, அட்டையை அதன் மேலேயே வைத்தாள். கேட்கப் போவதில்லை, ஆனால் இந்தத் தடவை சும்மா இருக்கப் போவதும் இல்லை என்று முடிவு கட்டினாள்.

எதிர்வீட்டுக்காரியிடம் பேச்சுவாக்கில், "இருதயக்காரங்க ருசியா சாப்பிட ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டாள். அவள்தான் மருந்துக்கடையில் கிடைக்கும் அந்த உப்பைச் சொன்னாள். "வித்தியாசமே தெரியாது. இருதயத்துக்கு அவ்வளவு நல்லது." அம்மாவுக்கு அந்த உப்பை அவளுடைய டாக்டர் எப்போதோ வேண்டாமென்றிருந்தார். தனக்கு ஆகாதது பிள்ளைக்கு ஆகும் என்று எப்படி நினைத்தாள் என்று கேட்காதீர்கள். பயந்தவள் கடையில் நின்று யோசிப்பாளா? தனக்கு உப்பில்லாமல் எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளையின் சாப்பாட்டில் அந்த உப்பைப் போட்டாள், தாராளமாகவே போட்டாள். அதோடு வேளைக்கு ஒரு வாழைப்பழம். அதிலும் பொட்டாசியம்தான்.

கல்யாணப் பேச்சையும் நிறுத்தினாள். அதுவரை மாதத்துக்கு ஒரு பெண்ணின் படத்தைக் கொண்டுவந்து நீட்டியவள், இருந்த படங்களையெல்லாம் உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினாள். சாகப் போகிற பிள்ளைக்கு யாரோ பெற்ற பெண்ணைக் கட்டிவைத்துப் பாவம் தேடிக்கொள்ள அவளுக்கு மனமில்லை. முடி வெட்டச் சொல்லித் தொணதொணப்பதும் நின்றது. பிடரியில் விழுந்த முடியை ஒரு நாள் தானே வாரிவிட்டாள்.

இதையெல்லாம் பார்த்த கஞ்சி என்ன நினைப்பாள்? நீங்கள் என்ன நினைத்திருப்பீர்களோ அதைத்தான் நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் காலை அழுத்திப் பார்த்து முடித்ததும் அம்மா, "உன் காலை நீட்டு" என்றாள்.

"எதுக்கும்மா?"

"நீட்டுன்னா நீட்டு."

அம்மா கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழவில்லை. அந்தக் காலை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கண்ணு, எனக்கு எல்லாம் தெரியும். நீ எதுவும் சொல்ல வேண்டாம். வாயால சொன்னா நான் தாங்க மாட்டேன். ஆனா மாத்திரையை நிறுத்தாத. ஒரு வேளைகூட விடாத. எனக்காகப் போடு."

கஞ்சி தலையை ஆட்டினாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வாளி நிரம்பி வழியும் வரை அழுதாள். மறுநாள் விரிப்பின் மறுமுனையிலிருந்து, "அக்கா, எங்கம்மாவுக்குத் தெரியுமாம். எனக்காகப் போடுன்னு சொல்லிட்டா" என்றாள். மடிப்பக்கா முனையைக் கீழே விட்டுவிட்டாள். ஒன்பது வருடத்தில் அவள் விரிப்பைத் தரையில் விட்டது அன்றைக்குத்தான். அழுக்காகிப் போனதென்று அதை மறுபடி வெளுக்கப் போட வேண்டியதாயிற்று.

ஐந்து வாரம். அவள் வாழ்க்கையில் சந்தோஷம் என்று எண்ணிச் சொல்ல ஏதாவது இருந்தால் அந்த ஐந்து வாரம்தான்.

மூன்றாம் மாதம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். அன்று பகலிலேயே டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது: "எங்க இருக்கீங்க? உடனே கிளம்பி வாங்க." பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மார்பில் ஒயர்களை ஒட்டி இருதயத் துடிப்பைப் பார்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள், வெள்ளை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். "வீட்ல என்ன உப்பு? போய்ப் பாருங்க, இல்லன்னா மறுபடி ஏறும். இருதயம் நின்னுடும், விளையாட்டு இல்ல" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து சமையலறை அலமாரியைத் துழாவினாள். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் அது இருந்தது.

"இது என்னம்மா?"

அம்மா திருடியைப் போல நின்றாள். பிறகு பொங்கினாள். "ஆமா, நான்தான் போட்டேன். உங்கப்பாவ கோட்ட விட்டேன், உன்னையும் விடச் சொல்றியா? இருதயத்துக்கு நல்லதுன்னாங்க, வாங்கினேன்."

கஞ்சிக்குச் சிரிப்பு வந்தது. பயம் விலகின சிரிப்பு. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ அம்மா, எனக்கு இருதயத்துல ஒண்ணுமே இல்லம்மா. உன் உப்புதான் கெடுத்துச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா. இன்னிக்குத்தான் பாத்தாங்க."

அம்மாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை அவள் கடைசி வரை மறக்க மாட்டாள். இரண்டு கையாலும் அவள் முகத்தை வழித்து, நெற்றியில் முத்தம் வைத்து, அழுது, சிரித்து, மூக்கைச் சிந்தி, பிறகுதான் அம்மா கேட்டாள்: "அப்ப அந்த மாத்திரை எதுக்கு?"

"நீதான் எல்லாம் தெரியும்னியே."

"என்ன தெரியும்?"

அந்த இடத்தில் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். வயிற்றுக்கு, தோலுக்கு என்று வாயில் வந்ததை. ஐந்து வாரம் அம்மாவின் கையிலிருந்து வாங்கின அன்பு இருதய நோயாளிப் பிள்ளைக்கு வந்தது, தனக்கல்ல என்று புரிந்தபின் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னாள். மெதுவாக, டாக்டரம்மா சொன்ன மாதிரியே, எதையும் விடாமல்.

அம்மா கேட்டு முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "இருதயமாவே இருந்திருக்கலாம்."

அந்த அம்மாவைத் திட்டுகிறவர்கள் நிறுத்துங்கள். பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமென்று உப்பு வாங்கினவளும் அவள்தான், அந்த வார்த்தையைச் சொன்னவளும் அவள்தான். இரண்டும் ஒரே வயிற்றிலிருந்து வந்தவை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

மறுநாள் காலை அம்மா மாத்திரை டப்பாவை மூடிவைத்தாள். "நீ நிறுத்து. நிறுத்தின அன்னிக்கு நான் போடறேன்." கஞ்சி பேசிப் பார்த்தாள், காலைப் பிடித்தாள், கத்தினாள். அம்மா அசையவில்லை. நாலாம் நாள் குழி விழுந்தது. அழுத்தின கட்டைவிரல் முழுசாக உள்ளே போனது. குழி எழும்பவே இல்லை.

கஞ்சி நிறுத்தினாள். ரத்தம் சரியானதும் வெள்ளையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தொடங்கவில்லை, நீலத்தையும் விட்டாள். அம்மா அவள் எதிரிலேயே தன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஏழு வாரம் அப்படிப் போனது. மென்மையாகிக்கொண்டிருந்த தோல் மறுபடி எண்ணெய் வடிய ஆரம்பித்தது. சலவைக் கூடத்தில் ஒரு நாள் ஈரமூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கியவள், தூக்கினபடியே நின்றுவிட்டாள்.

"என்னடி, வலிக்குதா?" என்று மடிப்பக்கா வந்தாள்.

"வலிக்கலக்கா" என்றாள். தள்ளுவண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். "கொஞ்சங்கூட வலிக்கலக்கா."

மடிப்பக்காவுக்கு அன்றைக்குக் கிண்டல் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஈரக்கையைத் தன் துணியில் துடைத்துவிட்டு அவள் முதுகைத் தடவினாள். "எங்க வீட்டு மேல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. பழைய சாமானெல்லாம் போட்டு வெச்சிருக்கேன். காலி பண்ணிடறேன். வரணும்னா வா, நான் கூப்பிட மாட்டேன். அப்புறம் நான்தான் கெடுத்தேன்னு ஆகும்."

டாக்டரம்மாவிடம் போய் ரத்தம் பார்த்து மறுபடி தொடங்கினாள். மறைக்கவில்லை. அம்மாவின் எதிரிலேயே போட்டாள். அம்மா டப்பாவை மூடினாள். இந்த முறை எட்டு நாள். எட்டாம் நாள் அம்மாவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி மீனைப் போல வாயைத் திறந்து மூடினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எதிர்வீட்டுக்காரியும் உதவிக்கு வந்தாள், உதவவில்லை என்று சொல்ல முடியாது. பையில் துண்டு எடுத்து வைக்கும்போது கஞ்சியின் மாத்திரை அட்டை அவள் கண்ணில் பட்டது. பச்சைக் கோடு. அங்கிருந்து புறப்பட்டதுதான் இந்தத் திருட்டுக் கதை.

ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கூட வந்தாள். மறுநாள் காலை அக்கா மாத்திரையை நீட்டியபோது அம்மா வாயை இறுக்கிக்கொண்டு தம்பியாக வளர்ந்தவளை நோக்கிக் கண்ணால் காட்டினாள். முதலில் அது நிறுத்தட்டும் என்று அர்த்தம்.

அக்கா அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். அக்காவுக்கு 'டா'வும் வாயில் வரவில்லை, 'டி'யும் வரவில்லை. மொட்டையாகப் பேசினாள். "நீ பண்றது எனக்குப் புரியல. பிடிக்கவும் இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் நல்லாத் தெரியுது. பாக்கறதுக்கு நீ இருக்கற வரைக்கும் அம்மா வாயைத் திறக்க மாட்டா."

"நான் நிறுத்தினா?"

"நிறுத்துவியா?"

கஞ்சி அடுப்பு மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "முடியலக்கா. ஏழு வாரம் நிறுத்திப் பாத்தேன்."

"அப்ப போ."

"போனா போட்டுக்குவாளா?"

"தெரியல" என்றாள் அக்கா. "நான் இருக்கேன். போ."

நாலு துணி, மாத்திரை, டாக்டரம்மாவின் சீட்டு, வேலைக்குப் போட்டுப் போகும் செருப்பு. அவ்வளவுதான் பை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், காலை முக்காலியில் நீட்டியபடி. கஞ்சி பழக்கதோஷத்தில் குனிந்து கட்டைவிரலை நீட்டினாள். அம்மா காலை மடக்கிக்கொண்டாள்.

"வரேம்மா."

அவள் வாசலைத் தாண்டிச் செருப்பு மாட்டும்போதுதான் குரல் வந்தது.

"சாவியை வெச்சுட்டுப் போ."

சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, உள்ளே கால் வைக்காமல் எட்டி, கதவோரத் தரையில் வைத்தாள். மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரி நின்றிருந்தாள். கஞ்சி அவளைப் பார்த்து, "அம்மாவை அப்பப்ப எட்டிப் பாத்துக்கோங்க அத்தை" என்றாள். இதை எதிர்வீட்டுக்காரி யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

காலை பத்து மணி வெயில். பஸ் நிறுத்தத்தில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மடிப்பக்கா வீட்டுப் பக்கம் போகிற பஸ் வந்து, நின்று, போனது. அடுத்ததும் வந்து போனது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறுறதா இருந்தா ஏறுங்க, இல்லன்னா ஓரமா நில்லுங்க" என்று கத்தினார். ஓரமாக நின்றாள். போட்டுக்கொள்ளவில்லை என்றால் திரும்பிப் போக வேண்டும். திரும்பிப் போனால் நிறுத்த வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு நின்றாள்.

முக்கால் மணி கழித்துப் போன் அடித்தது.

"போட்டுட்டா" என்றாள் அக்கா. "நான் குடுக்கல. ஜன்னல்கிட்டப் போய் ரொம்ப நேரம் தெருவைப் பாத்துட்டு நின்னா. அப்புறம் தானே வந்து டப்பாவைத் திறந்து போட்டுக்கிட்டா. இப்ப படுத்திருக்கா."

கஞ்சி, "சரிக்கா" என்றாள்.

பிறகு அக்கா, "நீ போட்டியா?" என்றாள்.

"இனிமேதான்."

"போட்டுட்டு ஏறு" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.